கோலம் போட்ட தீ வாளி

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் சண்டை போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். போன ஆடி மாசம் நான் தினமும் பெயிண்ட் வாசனையோடு வீட்டுக்கு வந்தேனே, பதினெட்டாம் பெருக்குக்கு காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றினேனே, அதற்கெல்லாம் காரணம் ஒரு ஜெனரல். அந்தக் கதையைச் சொல்ல எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறேன். கோழி வருகிற இடத்தில் நானே சிரித்துச் சிரித்துப் பாதியில் விட்டுவிடுகிறேன். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் பாப்பா திருத்திவிடு. ஆனால் நடந்ததில் ஒன்றையும் மாற்றாதே.

உங்களுக்குத் தெரியும், நான் பட்டாளத்துக்காரன் இல்லை. திருச்சிக்கு வெளியே இருக்கிற முகாமில் சிவிலியன் டிரைவர். காலையிலும் சாயந்திரமும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளையும் உங்களையும் ஸ்கூலுக்கு ஏற்றிப்போகிற மஞ்சள் பஸ், மற்ற நேரத்தில் ஜீப். இது என் வேலை.

முகாமுக்கு ஐ.ஜி. வருகிறார் என்று நான் சொன்னபோது தம்பி, "ஐ.ஜி.ன்னா போலீஸ்தானேப்பா?" என்றாய். இல்லடா. போலீஸிலும் அந்தப் பெயரில் பதவி உண்டு. இவர் வேறு. முகாம்களைப் பார்த்து வருவதற்கென்றே ராணுவத்தில் அனுப்பப்படுகிற ஜெனரல். நாங்கள் இன்ஸ்பெக்ஷன் ஜெனரல் என்போம். துப்பாக்கி சுடுமா, லாரி கிளம்புமா, சமையல்கட்டு சுத்தமா, தீப்பிடித்தால் அணைக்கத் தெரியுமா, நாளைக்கே புறப்படு என்றால் இந்த முகாம் புறப்படுமா, எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்ப்பார். அப்புறம் ஓரிடத்தில் தனியாக உட்காருவார். சிப்பாயோ, சமையல்காரரோ, சிப்பாயின் வீட்டம்மாவோ, யார் வேண்டுமானாலும் மேலதிகாரியைக் கேட்காமல் நேரே போய்க் குறையைச் சொல்லலாம். சொன்னது யார் என்று வெளியே விடமாட்டார். அநியாயம் என்று யாராவது சொன்னால் விசாரிப்பார். கடைசியில் தன்னை அனுப்பிய தளபதியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்வார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் விளங்கியது. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜெனரல் வருகிறார் என்றால் பெயிண்ட் வரும்.

அப்பப்பா, என்ன பெயிண்ட்! மரத்துக்கெல்லாம் இடுப்பளவு காவி, அதற்கு மேலே வெள்ளைப் பட்டை. பாதையோரக் கல்லுக்கு ஒன்று காவி, ஒன்று வெள்ளை. கொடிக்கம்பம், தண்ணீர்க் குழாய், சைக்கிள் ஸ்டாண்ட், என் மஞ்சள் பஸ், ஒன்றும் தப்பவில்லை. சமையல்கட்டில் வேலை செய்கிற தென்னூர்க்காரர் மத்தியானம் கண் அசருவதையே நிறுத்திவிட்டார். "கொஞ்ச நேரம் சாஞ்சா எனக்கும் காவி அடிச்சிட்டுப் போயிடுவானுங்கப்பா" என்றார்.

பதிலுக்குக்கூட ஒத்திகை நடந்தது. சிப்பாய்களை மேய்க்கிற சுபேதார், ஜெனரல் மாதிரி விறைப்பாக நடந்து வருவார். முதலில், எத்தனை வருஷ சர்வீஸ்? ரெண்டாவது, இன்றைக்கு என்ன சமையல்? மூன்றாவது, குறை ஏதாவது உண்டா? மூன்றாவதுக்கு எல்லாரும் ஒரே குரலில் "இல்லை சார்!" தென்னூர்க்காரர் அதை மனப்பாடம் செய்துகொண்டே வெங்காயம் உரித்தார்.

இத்தனை வேலைக்கும் பொறுப்பு ஒரு ஹவில்தார். பாப்பா, உன் வகுப்பில் படிக்கிறாளே, இடைவேளையில் உனக்கு வாழைக்காய் சிப்ஸ் கொடுப்பாளே, அவளுடைய அப்பாதான். வாழைக்குப் பேர்போன தொட்டியத்துக்காரர். சமையல்கட்டுக் கழிவுத்தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அங்கேயே ஒரு வாழைத்தோப்பு வளர்த்து வைத்திருந்தவர். இன்ஸ்பெக்ஷனுக்கு இடம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று அந்த வாழையை எல்லாம் வெட்டச் சொன்னார்கள். அவர் கையாலேயே வெட்டினார்.

ஒருநாள் பெயிண்ட் வாங்க அவரை ஜீப்பில் தென்னூர் கடைக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது பாலத்தடியில் நெரிசல். அப்போதுதான் மனசில் இருந்ததைச் சொன்னார்.

"அண்ணே, இது நல்லபடியா முடிஞ்சா எனக்கு நாயப் சுபேதார் புரமோஷன். இன்னும் சில வருஷம் வேலை ஓடும். இதுல கெட்ட பேரு வந்துச்சுன்னா தை மாசம் பெட்டியக் கட்டணும்."

"அதான் ஊர்ல வாழை கிடக்குல்ல. ராஜா மாதிரி இருக்கலாமே."

"கிடக்கு. எங்கண்ணன் குடும்பத்துக்கே அது பத்தல. என்னை விடுங்கண்ணே, நான் எங்க வேணா இருந்துப்பேன். எம்பொண்ணுதான், ஸ்கூல் மாறணுமாப்பா, மாறணுமாப்பான்னு ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தா இதே கேள்வி. நான் என்ன சொல்ல?"

ஹார்னை அடித்தேன். பாலம் தாண்டியதும் அவரே, "உங்க பொண்ணு கோலம் நல்லாப் போடுமாமே, எம்பொண்ணு சொல்லுச்சு. ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

பாப்பா, அன்று சாயந்திரம் வாசலில் எட்டு இதழ் தாமரை போடச் சொல்லி, போனில் படம் எடுத்தேன் இல்லையா? அது எங்கே போனது என்று இப்போது தெரிந்துகொள்.

முகாமில் அங்கங்கே சிவப்பு வாளியில் மணல் வைத்திருப்பார்கள். தீப்பிடித்தால் அள்ளிக் கொட்டுவதற்கு. இன்ஸ்பெக்ஷன் வந்தால் அந்த மணலைத் தட்டிச் சமமாக்கி, மேலே கலர்ப்பொடியில் ஏதாவது பூ வரைவது எங்கள் முகாமில் வழக்கம். ஹவில்தார் உன் தாமரையை வரைந்தார். ஆடிக் காற்று சும்மா விடுமா? வரைந்த சூட்டோடு ஊதிவிட்டது. மறுபடி வரைந்தார். மறுபடி ஊதியது. மூன்றாம் தடவை வெள்ளை சிமெண்டைக் கரைத்து மணலில் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் கலர் தூவிவிட்டார். காற்று தலைகீழாக நின்றும் ஒன்றும் செய்ய முடியவில்லை! அவ்வளவு அழகு. சுபேதார் பார்த்துவிட்டு "சபாஷ்" என்றார். முகாமின் கமாண்டிங் ஆபீசர், கர்னல், அவரே குனிந்து பார்த்து எல்லா வாளிக்கும் இதே மாதிரி செய்யச் சொன்னார். நானும் பார்த்தேன். என் பொண்ணு கோலம் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். வாளி எதற்கு இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஜெனரல் வருவதற்கு முந்தின நாள், உடைந்த நாற்காலி, ஓட்டை டிரம், வெட்டிய வாழை, தென்னூர்க்காரர் திருட்டுத்தனமாக வளர்க்கும் கோழிக் கூண்டு, கண்ணுக்கு ஆகாதது எல்லாவற்றையும் சமையல்கட்டுக்குப் பின்னால் குவித்து, முன்னால் பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். தார்ப்பாய் புதுசு. அதுவே பார்க்க லட்சணமாக இருந்தது.

ஜெனரலை ஏர்போர்ட்டில் ஏற்றியது நான்தான்! ஒல்லியான மனுஷன், நரைத்த மீசை. வடக்கே எங்கேயோ பிறந்தவர், ஆனால் தமிழ்ச் சிப்பாய்களோடு வெகுகாலம் இருந்ததால் தமிழ் பேசுவார். வண்டி கிளம்பியதும் முதல் கேள்வி.

"டிரைவர், என்னென்ன பெயிண்ட் அடிச்சாங்க?"

ஒத்திகையில் இது இல்லை. "எல்லாம் சார்" என்றேன்.

அவர் கடகடவென்று சிரித்தார். "நான் எங்கே போனாலும் எந்தக் கதவும் காய்ஞ்சு இருக்காது. இங்கே பாரு, போன ஊரு பச்சை" என்று கட்டைவிரலைக் காட்டினார். நகத்தோரம் பச்சை ஒட்டியிருந்தது.

முகாமில் போட்ட திட்டப்படி நடக்கும் என்று பார்த்தால், மனுஷன் ஆரம்பத்திலேயே பாதையை மாற்றினார். சிவப்புக் கம்பளம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். லாரி ஷெட்டில் தானே ஏறிக் கிளப்பிப் பார்த்தார். கழிப்பறைக்குள் போனார். சமையல்கட்டில் தென்னூர்க்காரர் முன்னால் நின்று, முதல் கேள்வியாக, "என்ன சமையல்?" என்றார்.

"பதினெட்டு வருஷம் சார்!" என்றார் தென்னூர்க்காரர், கணீரென்று.

கர்னல் இருமினார். ஜெனரல் சிரிக்காமல், "நல்லா வெந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சுபேதார் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம்தான் அது. சமையல்கட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஜெனரல் நின்றார். ஒரு பழைய சாக்கைக் கொண்டுவரச் சொல்லி, டீசல் ஊற்றி, நடுவில் போட்டுக் கொளுத்தச் சொன்னார். "தீ. அணைங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ரெண்டு சிப்பாய்கள் பாய்ந்து சிவப்பு வாளிகளைத் தூக்கினார்கள். முதல் ஆள் வீசினான். மணல் வரவில்லை. இன்னும் வேகமாக வீசினான். வரவில்லை. ரெண்டாவது ஆள் வாளியைக் கவிழ்த்து அடியில் ஓங்கித் தட்டினான். தொம்மென்று விழுந்தது, இட்லித் தட்டிலிருந்து இட்லி விழுகிற மாதிரி, முழுசாக. விழுந்து, உருண்டு, ஜெனரலின் பூட்ஸுக்கு முன்னால் வந்து தாமரை தெரிய மல்லாந்து படுத்தது.

ஜெனரல் குனிந்து அதைத் தூக்கினார், ரெண்டு கையாலும். கனம்.

"கோலம் அழகா இருக்கு" என்றார். பாப்பா, சத்தியமாக அப்படித்தான் சொன்னார். அப்புறம், "இதை யார் பண்ணது?"

கர்னல் சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் தரையைப் பார்த்தார். நான் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டு ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பு. அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தை மாசம், பெட்டி, பொண்ணு.

ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தான் சாப். காத்துல கலையுதுன்னு சிமெண்ட் ஊத்தினேன்."

ஜெனரல் பதில் சொல்வதற்குள் காற்று அடித்தது. ஆடிக் காற்று, கேட்கவா வேண்டும்! எரிகிற சாக்கு புரண்டது. அதிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து பறந்து சமையல்கட்டை ஒட்டிய கீற்றுப் பந்தலுக்கு அடியில் போய் விழுந்து, அங்கே கிடந்த காய்ந்த சருகைப் பிடித்துக்கொண்டது. பந்தலுக்குப் பின்னால்தான் காஸ் சிலிண்டர் அறை. "குழாய்! குழாய்!" என்று கத்தினார்கள். ஒருத்தன் ஓடித் தண்ணீர்க் குழாயைத் திருகினான். அசையவில்லை. அதன் மேல் பெயிண்ட் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. இன்னொருத்தன் தீயணைக்கும் சிலிண்டர் எடுக்க ஆபீஸ் பக்கம் ஓடினான். அது எப்போது வர?

ஹவில்தார் தார்ப்பாயைப் பார்த்தார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திறந்தால் கெட்ட பேர் சிமெண்ட் வாளியோடு நிற்காது.

"அண்ணே, ஒரு கை பிடிங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே கயிற்றை உருவினார். நானும் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். தார்ப்பாய் சரிந்து விழுந்தது. ஜெனரல், கர்னல், மொத்த முகாமும் பார்க்க, உடைந்த நாற்காலிக் குவியல், டிரம், துருப்பிடித்த கட்டில். கூண்டு கவிழ்ந்து கோழிகள் கொக்கரித்துக்கொண்டு அதிகாரிகளின் காலுக்கு நடுவே பறந்தன. ஒரு சேவல் சிவப்புக் கம்பளத்தில் ஏறிக் கம்பீரமாக நடந்துபோனது! "ஐயோ எஞ்செல்லம்!" என்று தென்னூர்க்காரர் அதன் பின்னால் ஓடினார்.

நாங்கள் சிரிக்கவில்லை. வெட்டிப் போட்ட வாழைமரங்கள் குவியலுக்கு அடியில் தண்ணீரும் சாறுமாகக் கிடந்தன. ஹவில்தார் ஒரு மரத்தைத் தூக்கித் தீயின் மேல் போட்டார். நான் ஒன்று. சிப்பாய்கள் வந்தார்கள். கர்னல் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் ஒரு முனையைப் பிடித்தார். மேலே மேலே போட்டு மிதித்தோம். புஸ்ஸென்று வெள்ளைப் புகை. பந்தலின் ஓரக் கீற்று ரெண்டு கருகியதோடு நின்றுவிட்டது. சிலிண்டர் எடுக்கப் போனவன் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து, எங்கே தீ என்று தேடினான்.

எனக்குப் பயம் பாதி, சந்தோஷம் பாதி. ஹவில்தார் சட்டையெல்லாம் வாழைக்கறை. அப்படியே விறைத்து நின்று, "தீ அணைஞ்சுது சாப்" என்றார்.

ஜெனரல் குவியலைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "சரி. இப்பத்தான் நான் உங்க முகாமுக்கு வந்திருக்கேன்" என்றார்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு அவர் தனியாக உட்கார்ந்தார். யாரும் நூறு அடிக்குள் நிற்கக்கூடாது என்று அதிகாரிகளை அனுப்பிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் ஒத்திகைப்படி யாருமே போயிருக்கக்கூடாது. ஆனால் தார்ப்பாய் விழுந்த பிறகு எதை மறைப்பது? ஒரு சிப்பாய் போனான். அப்புறம் வரிசையே நின்றது. குவார்ட்டர்ஸிலிருந்து ரெண்டு பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். தென்னூர்க்காரரும் போய் வெகுநேரம் பேசினார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டதற்கு, "அத வெளிய சொல்லக்கூடாதாம்ல, அவரே சொல்லிட்டாரு" என்று பெருமையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சேவல் கையில் இருந்தது, ஜெனரல் அதைத் தடவிக்கூடக் கொடுத்தாராம். ஹவில்தார் மட்டும் போகவில்லை. ஈர வாழைமரங்களை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஜெனரலைத் திரும்ப ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோனேன். கேட்கலாமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்து, ஏர்போர்ட் வளைவு தெரிந்ததும் கேட்டே விட்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஹவில்தார்... அவரு புரமோஷனு இதுலதான் சார் இருக்கு. எங்க பொண்ணுங்க ரெண்டும் ஒரே கிளாஸ்."

"நான் ரெண்டையும் எழுதுவேன்" என்றார். "வாளி கல்லா இருந்தது. கேட்டதும் முன்னால வந்தான், தார்ப்பாயைத் தானே இழுத்தான். ரெண்டும் நான் பார்த்தது. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை எழுத எனக்கு உரிமை இல்லே."

"அப்ப புரமோஷன் சார்?"

"அது வேற ஆள் கையில. நான் கண்ணு, காது, அவ்வளவுதான். பார்க்கிறவன் கையிலயே முடிவையும் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த தடவை எனக்கு இன்னும் நல்லா பெயிண்ட் அடிப்பாங்க." இறங்கும்போது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். இப்போது எங்கள் ஊர்க் காவியும் சேர்ந்திருந்தது. "உன் பொண்ணுகிட்ட சொல்லு, கோலம் தரையில போடறதுக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

என் பொண்ணு போட்டது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. மரத்தடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தென்னூர்க்காரர் மேல் எனக்குச் சந்தேகம்.

அறிக்கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வாளிகளில் உதிரி மணல் வந்தது. குழாய்களைச் சுரண்டி எண்ணெய் விட்டார்கள். மறுபடி பார்க்க வருவேன் என்று ஜெனரல் சொல்லியிருந்தாராம், வந்தும் பார்த்தார். ஹவில்தாருக்கு மட்டும் சேதியே வரவில்லை. மார்கழி முழுக்க அவர் மனுஷனாகவே இல்லை, பெட்டியைத் தூசி தட்டிக்கூட வைத்துவிட்டார். தை பிறக்கிற சமயம் உத்தரவு வந்தது. தோளில் நட்சத்திரம்! பாப்பா, அன்று உன் சிநேகிதி வகுப்பில் எல்லாருக்கும் சிப்ஸ் கொடுத்தாள் என்று வீட்டுக்கு வந்து குதித்தாயே, அது இதற்குத்தான்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஜெனரலை இறக்கிவிட்டு அன்று முகாமுக்குத் திரும்பினேன். ஷெட்டில் யாரும் இல்லை, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டுக் கிளம்பப் பார்த்தவன், பக்கத்தில் நின்ற ஸ்கூல் பஸ்ஸைப் பார்த்தேன். புது மஞ்சளில் பளபளவென்று இருந்தது. உள்ளே ஏறிப் பின்பக்கம் போய், ஆபத்துக்கு என்று வைத்திருக்கிற கதவின் பிடியைத் திருகித் தள்ளினேன். திறக்கவில்லை. ஜெனரல் அதைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய், டூல்ஸ் பெட்டியில் பிளேடு தேடி எடுத்துவந்து, கதவு விளிம்பைச் சுற்றிப் பெயிண்டைக் கீறினேன். மேலே எட்டாத இடத்துக்கு ஷெட்டில் கிடந்த பழைய டயரை உருட்டிவந்து அதன் மேல் ஏறி நின்று கீறினேன். மறுபடி உள்ளே போய்த் தோளால் இடித்தேன். திறந்தது. வெளியே குதித்தேன். கதவைச் சாத்தி, திரும்ப உள்ளே ஏறி, உங்களை மாதிரி கடைசி சீட்டில் உட்கார்ந்து, அங்கிருந்தே எழுந்து, பிடியை ஒரு கையால் மட்டும் திருகிப் பார்த்தேன். திறந்தது. இன்னொரு தடவை குதித்தேன்.